வடிவும் வேணும், வீட்டுக்கும் வந்து சேர வேணும்

வாசகர் கேள்வி – பதில்

கரண்ட் பைக் வாங்குவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் அதிகமானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றன: பார்க்க வடிவாக இருப்பதை எடுப்பதா, பாவனைக்கு உதவுவதை எடுப்பதா? அதனால் இந்த முறை முழுக்க அதுதான். முதல் கடிதத்துக்கு நீளமாக எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், அதில் வருகிற கணக்கு எல்லோருக்கும் பொருந்தும்.

கேள்வி: அண்ணா, எனக்கு வீடு சுன்னாகத்தில், வேலை யாழ்ப்பாணம் டவுனில். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன், பின்னேரம் சந்தைக்கும் போய்வர வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர் வரும். கையில் மூன்றரை இலட்சம் இருக்கிறது. இரண்டு பைக் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பழைய காலத்து ஸ்கூட்டர் மாதிரி, வட்ட லைற், இளம் பச்சை நிறம். பார்த்த உடனேயே மனம் அதில் நின்றுவிட்டது. 60 வோல்ட் 20 அம்பியர் பற்றரி, ஒரு சார்ஜில் 80 கிலோமீற்றர் ஓடுமாம். மற்றது சாம்பல் நிறத்தில் பெட்டி மாதிரி இருக்கிறது, நீளமான சீற், ஒரு வடிவும் இல்லை. அதில் லித்தியம் பற்றரி, 60 வோல்ட் 30 அம்பியர், 75 கிலோமீற்றர் என்கிறார்கள். அதன் விலை 40 ஆயிரம் கூட. வடிவைப் பார்த்து வாங்குவது பிழையா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: பிழையே இல்லை, தங்கச்சி. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடிதம் எழுதிய பலர் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரித்தான் இதைக் கேட்டிருந்தார்கள். தினமும் படலையைத் திறந்து உருட்டி வெளியே எடுக்கிற சாமான் அது. மனதுக்குப் பிடித்த வண்டியைத் துடைப்போம், ரயருக்குக் காற்றுப் பார்ப்போம், மழை இருட்டினால் ஓடிப்போய்த் தாழ்வாரத்துக்குள் இழுத்து விடுவோம். நான் இருபது வருடத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். ஆசைப்பட்டு வாங்கிய வண்டி எது, மலிவென்று வாங்கிய வண்டி எது என்று கராஜுக்குள் வரும்போதே தெரிந்துவிடும்.

ஆனால் நீங்கள் பார்த்த இரண்டு பைக்குக்கும் பெரிய வித்தியாசம் பற்றரியில்தான் இருக்கிறது. கடையில் அம்பியர் என்று சொல்வது அம்பியர்-மணியை. 60ஐ 20ஆல் பெருக்குங்கள், 1200 வாட்-மணி வரும். கரண்ட் பில் கணக்கில் 1.2 யூனிற். பச்சை பைக்கில் லித்தியம் என்று நீங்கள் எழுதவில்லை, அந்த விலைக்கு அது ஈய அமிலப் பற்றரியாகத்தான் இருக்கும், 12 வோல்ட் பற்றரி ஐந்தை வரிசையாகக் கோர்த்தது. அதை அடிமட்டம் வரை இறக்கி ஓடினால் கெதியாகச் செத்துவிடும், ஆகவே ஐந்தில் நாலு பங்குதான் பாவிக்கலாம் என்று வையுங்கள், அது 960 வாட்-மணி. நீங்களும் மகளும் பைகளும் ஏறிக் காங்கேசன்துறை வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் கிலோமீற்றருக்கு 30 வாட்-மணி அளவில் இழுக்கும். 960ஐ 30ஆல் பிரித்தால் 32 கிலோமீற்றர். கடையில் சொன்ன 80 எங்கிருந்து வந்தது என்றால், மெலிந்த ஒருவர் தனியாக ஏறி, காற்றில்லாத நேரத்தில், சைக்கிளைவிடக் கொஞ்சம் கூடிய வேகத்தில் நிற்காமல் ஓடினால் வருகிற கணக்கு அது. அந்த மாதிரி யாரும் வேலைக்குப் போவதில்லை.

32 போதும்தானே, எனக்கு 25தான் என்பீர்கள். முதல் வருடம் போதும். ஈய அமிலப் பற்றரியை இப்படித் தினமும் நன்றாக இறக்கி இறக்கி ஏற்றினால் முந்நூறு, நானூறு தடவையில் களைத்துவிடும், அதோடு நம்முடைய வெயில் அதன் ஆயுளை இன்னும் குறைக்கிறது. இரண்டாம் வருடம் அந்த 32 மெல்ல 25 ஆகும், பிறகு 23 ஆகும். அந்த இரண்டு கிலோமீற்றர் எங்கே குறைகிறது என்று யோசித்துப் பாருங்கள்: பின்னேரம், களைத்துப் போய், பின்னால் மகள், முன்னால் மரக்கறிப் பை, வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றருக்கு முன்னால்.

சாம்பல் பைக்கில் 60ஐ 30ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. லித்தியத்தில் பத்தில் ஒன்பது பங்கு பயமில்லாமல் பாவிக்கலாம், ஆகவே உங்களுடைய பாவனையில் 50 கிலோமீற்றருக்குக் குறையாது. சில வருடம் போய்க் கால்வாசி குறைந்தாலும் உங்களுக்குத் தேவையானதைவிடக் கூடவே மிஞ்சும். லேபலில் எல்எஃப்பி (LFP) அல்லது லித்தியம் அயன் பொஸ்பேற் (இங்கே அயன் என்றால் இரும்பு) என்று இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வகை சூட்டை நன்றாகத் தாங்கும், ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். பாரமும் கவனிக்க வேண்டியது. 12 வோல்ட் 20 அம்பியர் ஈயப் பற்றரி ஒன்று 7 கிலோ அளவில் வரும், ஐந்தும் சேர்ந்தால் 35 கிலோ, அரிசி மூட்டை ஒன்றைக் காலடியில் நிரந்தரமாக வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. லித்தியம் அதில் பாதிதான் இருக்கும், பைக்கை ஸ்ராண்டில் ஏற்றும்போதே கை உணரும்.

விலை வித்தியாசம் 40 ஆயிரம் என்கிறீர்கள். ஈயப் பற்றரி ஐந்தையும் ஒரேயடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய நாலும் சேர்ந்து புதியதையும் விழுத்திவிடும். ஆகவே இன்றைக்கே கடையில் கேளுங்கள், ஐந்து பற்றரியும் இப்போது என்ன விலை என்று. அதை ஒரு துண்டில் எழுதி அந்த 40 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம், கியூஆர் முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த அவசரத்தில் அக்காவுக்கு ஒரு கரண்ட் பைக் வாங்கிக் கொடுத்தேன். நல்ல சிவப்பு, முன்பக்கம் முழுக்க லைற், ஒழுங்கையில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பதினாலாம் மாதம் ஒரு நாள் அக்கா அதை மூன்று கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு வந்து படலையில் நின்றா, சட்டை முழுக்க வியர்வை. விற்ற கடை அப்போது மூடியாகிவிட்டது. பற்றரியை எப்படியோ வேறு இடத்தில் தேடி மாற்றினேன். ஆனால் உடைந்த முன்பக்கத்துப் பிளாஸ்ரிக்குக்கு இன்று வரை சோடி கிடைக்கவில்லை. எனக்கு அது இன்னும் மனதை அறுக்கிற விஷயம், பற்றரி லேபலைப் பார்க்க எனக்குத் தெரியாதா என்ன, வடிவும் அவசரமும் சேர்ந்து பார்க்க விடவில்லை.

உதிரிப்பாகம் பற்றியும் யோசியுங்கள். பழைய ஒஸ்ரின் ஏ40 காரைப் பேரப்பிள்ளை காலம் வரை ஓட வைத்த ஊர் இது. 1990களில் பெற்றோல் வராத காலத்தில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அதெல்லாம் முடிந்தது எதனால் என்றால், அந்த இயந்திரங்களைக் கழற்றி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், அரம் பிடித்துத் தேய்க்கலாம், வேறொன்றின் பாகத்தைப் பொருத்தலாம். கரண்ட் பைக்கில் மோட்டருக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற கொன்ட்ரோலர் பிசின் ஊற்றி மூடிய பெட்டி, எரிந்தால் மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலும் ஏற்கனவே ஓடுகிற மாதிரியை எடுங்கள், நாலு பேர் வைத்திருந்தால் கடைக்காரர் பாகம் இறக்குவார். அபூர்வமான முகம் உள்ள பைக்குக்கு அந்த முகம் உடைந்தால் கதை முடிந்தது.

கரண்ட் பில்லும் இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர் என்றால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 1 யூனிற்றுக்குள் முடியும், மாதம் 25 யூனிற் என்று வையுங்கள். அதே தூரத்துக்குப் பெற்றோல் ஸ்கூட்டி மாதம் 14 லீற்றர் குடிக்கும், விலையை நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 என்று படி ஏறுகிறது. இப்போது 50 யூனிற் எடுக்கிற வீடு 75க்குப் போனால் 60ஐத் தாண்டி வேறு கட்டணத்துக்குள் விழுந்துவிடும், அந்த 25 யூனிற்றுக்கு மட்டும் காசு கூடும் என்று நினைத்திருந்தால் பில் வரும்போது திகைப்பீர்கள். அப்படி வந்தாலும் பெற்றோலைவிட மலிவுதான், முதலே தெரிந்து வைத்திருப்பது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அந்த இளம் பச்சை? அதே பச்சை பைக்கில் லித்தியம் பற்றரியோடு வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள், சில மாதிரிகள் இரண்டு விதமாகவும் வரும். வந்தால், பாகமும் கிடைக்கும் என்றால், விலையும் கைக்கு எட்டினால், யோசிக்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் சாம்பல் பைக். அதற்கு வடிவு சேர்க்க வழி இருக்கிறது. குஷன் வேலை செய்கிற கடையில் பிடித்த நிறத்தில் சீற் தைக்கலாம், பக்கத்துப் பலகைகளுக்கு அந்த இளம் பச்சையையே ஸ்பிறே அடிக்கலாம், மகளுக்குப் பிடித்த ஸ்ரிக்கர் ஒட்டலாம். பற்றரிக்கு அப்படி ஒரு வசதி இல்லை. பெட்டி சிறிதாக இருந்தால் பெரிய பற்றரி அதற்குள் போகாது, வயரும் கொன்ட்ரோலரும் அதற்கேற்றதாக இருக்காது.

காசு கொடுக்க முதல் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். பின்னால் ஏற்றி, காலடியில் நீங்கள் சந்தைக்குக் கொண்டுபோகிற அதே பையை வைத்து ஓடிப் பாருங்கள். முழங்கால் இடிக்கிறதா, சேலை கட்டிக்கொண்டு ஏற முடிகிறதா, சேலைத் தலைப்புச் சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பு இருக்கிறதா என்பதெல்லாம் ஷோரூம் லைற்றில் தெரியாது.

கேள்வி: தம்பி, எனக்கு 66 வயது. வேலணையில் இருக்கிறோம். கனடாவில் இருக்கிற மகன் கரண்ட் பைக் வாங்கக் காசு அனுப்புகிறார், இணையத்தில் படம் பார்த்து அவரே ஒன்றைத் தெரிவும் செய்துவிட்டார். ரேஸ் பைக் மாதிரி இருக்கிறது. நான் மனைவியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டும். மகனுடைய மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? (வாசகர், வேலணை)

பதில்: ஐயா, அந்தப் பைக்கில் உங்கள் மனைவி எங்கே இருப்பா? அதை மட்டும் மகனிடம் கேளுங்கள். ரேஸ் பைக் உருவத்தில் பின்சீற் உயர்ந்து, ஒடுங்கி, முன்பக்கம் சரிந்து இருக்கும். சேலையோடு ஒரு பக்கமாக இருக்கிற ஒருவருக்கு அதில் காலை வைக்கவும் இடமில்லை, பிடிக்கவும் ஒன்றுமில்லை. கடைக்குப் போய் இரண்டு பேரும் ஏறியிருந்து மகனுக்கு வீடியோ கோல் எடுங்கள். அம்மா அதில் இருக்கிற கோலத்தைப் பார்த்தாரென்றால் நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. அவர் தன் அன்பை அந்தப் படத்தில் காட்டியிருக்கிறார், அது பெரிய விஷயம். நிறத்தை அவரையே தெரிவு செய்ய விடுங்கள், நல்ல ஹெல்மெற் இரண்டும் அவருடைய தெரிவாகவே இருக்கட்டும்.

உங்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம், காற்று. டவுனுக்கு வருகிற பண்ணைப் பாலத்தில் தென்மேற்குச் சோளகக் காற்று எப்படி அடிக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், காற்றின் தடுப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சோளகக் காலத்தில் காலையில் டவுனுக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் முகத்தில் அறையும், அப்போது பற்றரியும் பாதி இறங்கியிருக்கும். கரையோரம் இருக்கிறவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற வழியை வைத்துத்தான் பற்றரியைக் கணக்குப் பார்க்க வேண்டும். போய்வருகிற தூரத்தின் இரண்டு மடங்கு ஓடக்கூடியது உங்களுக்குச் சரி. வேகத்தை 30க்கு இறக்கினாலே நிறைய மிச்சம் பிடிக்கலாம், கிளினிக்குக்கு நேரத்தோடு வெளிக்கிட்டால் போதும்.

அப்புறம் உப்பு. மினுமினுக்கிற குரோம், வெளியே தெரிகிற ஆணிகள், திறந்த வயர் பொருத்துகள் இவையெல்லாம் கடற்காற்றில் ஒரு வருடத்தில் பூப்பூத்துவிடும். வடிவுக்காக உள்ளுடலை வெளியே காட்டுகிற மாதிரியை விட்டுவிட்டு, நன்றாக மூடிய உடம்பு உள்ளதை எடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், பைப்பால் அடித்துக் கழுவ வேண்டாம்.

கேள்வி: அண்ணா, கம்பஸில் படிக்கிறேன். ரேஸ் பைக் உருவில் ஒன்று பார்த்தேன், 3000 வாட் மோட்டர், 72 வோல்ட் 20 அம்பியர். நண்பர்கள் எல்லாரும் இதைத்தான் எடு என்கிறார்கள். எடுக்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, 72ஐ 20ஆல் பெருக்கினால் 1440 வாட்-மணி. மோட்டர் உண்மையிலேயே 3000 வாட் இழுத்தால் அது அரை மணித்தியாலத்துக்கும் காணாது. ஆகவே அந்த 3000 என்பது பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சமாகத்தான் இருக்கும், தொடர்ந்து எத்தனை வாட் என்று கேளுங்கள், அதுதான் உண்மையான எண். நம்முடைய மாவட்டத்தில் ஏறுவதற்கு மலையே கிடையாது, சமதரையில் 1000, 1500 வாட் தாராளம்.

ஆனால் உங்கள் தெரிவை நான் முழுக்கத் தள்ளவில்லை. அந்த உருவத்தில் வருகிற பைக்குகளில் பல பெரிய சக்கரத்தோடு வருகின்றன. 10 அங்குலச் சக்கரம் குழிக்குள் விழுந்து எழும்புகிற இடத்தைப் பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும், மழைக்குப் பிறகு நம்முடைய ஒழுங்கைகளில் அது பெரிய உதவி. இங்கே வடிவு பாவனைக்கும் சேர்த்து வேலை செய்கிறது. பெற்றோல் ராங்க் மாதிரி இருக்கிற அந்த மேடுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள், மழைக்கோட்டும் கொப்பியும் வைக்க இடம் இருந்தால் நல்லது, வெறும் பிளாஸ்ரிக் கூடு என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது காற்றை. ரயர் ரியூப் இல்லாததாக இருக்கட்டும். பின்சக்கரத்துக்குள் மோட்டர் இருப்பதால் ஒட்டுப் போடச் சக்கரத்தைக் கழற்றுவது சைக்கிள் மாதிரி இல்லை, தடித்த வயர்களையும் கழற்ற வேண்டும், எல்லா ஒட்டுக் கடையிலும் கை வைக்க மாட்டார்கள்.

ஈயப் பற்றரி என்றால் இந்தப் பைக் வேண்டவே வேண்டாம், இவ்வளவு இழுவையை அது தாங்காது. பதிவுப் புத்தகம், நம்பர் பிளேற், காப்புறுதி மூன்றும் கையில் வராமல் காசு கொடுக்கவும் வேண்டாம். இதற்கெல்லாம் பதிவு தேவையில்லை, ஓடலாம் என்று யாராவது வாயால் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். லைசன்ஸும் ஹெல்மெற்றும் பெற்றோல் பைக்குக்கு எப்படியோ அப்படித்தான்.

கேள்வி: மாரி மழையில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வரைக்கும் வெள்ளம் நிற்கும். கரண்ட் பைக் ஓடலாமா? (வாசகி, நாவாந்துறை)

பதில்: மழையில் ஓடலாம், வெள்ளத்துக்குள் ஓட வேண்டாம். மோட்டரில் ஐபி67 என்று எழுதியிருந்தால் ஒரு மீற்றர் தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் வைத்தும் உள்ளே போகாத அளவுக்குச் சோதித்தது என்று அர்த்தம், ஆனால் அது புதிதாக இருக்கும்போது, நல்ல தண்ணீரில். கொன்ட்ரோலருக்கும் பற்றரிப் பெட்டிக்கும் சார்ஜ் போடுகிற துவாரத்துக்கும் அதே எண் இருக்க வேண்டும் என்றில்லை, தனித்தனியாகக் கேளுங்கள். உங்களுக்கு நான் சொல்கிற முதல் விஷயம், பற்றரி காலடியில் இல்லாமல் சீற்றுக்கு அடியில் இருக்கிற மாதிரியைப் பாருங்கள். காலடி தாழ்வாக, நிலத்தோடு ஒட்டின மாதிரி இருக்கிற பைக் படத்தில் வடிவாகத்தான் இருக்கும், உங்கள் ஒழுங்கைக்கு அது சரிவராது. வெள்ளத்தில் நின்ற பைக்குக்குச் சார்ஜ் போடாதீர்கள், முதலில் ஒருவரிடம் காட்டுங்கள். எந்தப் பற்றரியாக இருந்தாலும் சரி, இரவில் படுக்கை அறைக்குள்ளோ வெளியே போகிற வாசலை மறித்தோ வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். வெயிலில் ஓடி வந்த உடனேயும் வேண்டாம், அரை மணித்தியாலம் ஆறட்டும்.

கேள்வி: வெள்ளையா, கறுப்பா? (வாசகர், உரும்பிராய்)

பதில்: உரும்பிராயில் இருந்துகொண்டு வெள்ளை எடுத்தால் செம்மண் புழுதியில் ஒரு கிழமையில் அது வேறு நிறமாகிவிடும், தினமும் துடைக்க மனமிருந்தால் எடுங்கள். கறுப்பு வெயிலில் கொதிக்கும், சீற் கறுப்பாக இருந்தால் மத்தியானத்தில் குந்த முடியாது. எனக்குக் கேட்டால் கடும் நீலம், சீற் மண்ணிறம்.